மீனைக் காட்டலாம், மடுவைக் காட்ட வேண்டாம்

இரண்டு கையாலும் விராலைத் தூக்கிப் பிடித்திருக்கும் ஒரு படம் இன்ஸ்டாகிராமில் ஏறிய சில நிமிடங்களில் வந்து விழும் முதல் கேள்வி, "எந்த இடம் அண்ணா?" என்பதுதான். எடையைக் கேட்பவர்கள்கூட அதற்குப் பிறகுதான் வருவார்கள். தூண்டில்காரர்கள் பலர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியும். தண்ணீர் பொதுவானது, அதில் திரியும் மீன் யார் வீட்டுச் சொத்து என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. இடத்தைச் சொல்லாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது என்பதே என் கட்சி. ஆனால் சொல்லாமல் விட்டால் மட்டும் இடம் மறைந்துவிடுவதில்லை. படம் போட்டவர் வாயை மூடிக்கொண்டிருக்கும்போதே அவர் போட்ட படம் பேசிக்கொண்டிருக்கிறது.

எல்லா நீரையும் மறைக்க வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கோடையில் கண்மாய் வற்றும் நேரத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டுக் கிராமங்களின் ஜனம் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சேற்றில் இறங்கும். கெண்டை, கெளுத்தி, ஜிலேபி, விரால் என்று கையில் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். எப்படியும் வற்றப்போகிற நீர் அது. அடுத்த மழைக்குக் கண்மாய் நிறையும், மீனும் வரும். அந்தப் படத்தை ஊர்ப் பெயரோடு, தேதியோடு, எவ்வளவு பெருமையாக வேண்டுமானாலும் போடலாம்.

கடலிலும் அப்படி ஒன்று உண்டு. ஹைதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், மீன் கூடக்கூடிய கடற்பகுதிகளை மீனவர்களுக்கு வெளிப்படையாகவே அறிவித்துவருகிறது. கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் நீரில் உள்ள பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் வழியாக அளந்து, நுண்தாவரங்கள் செழித்திருக்கும் இடத்தைக் கணித்துச் சொல்கிறார்கள். சூரையும் கானாங்கெளுத்தியும் மத்தியும் கூட்டமாக ஓடுகிற மீன்கள். இன்று இருந்த இடத்தில் நாளை மறுநாள் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தை ஊருக்கெல்லாம் சொல்வதால் டீசல் மிச்சமாகும், இடம் பாழாகாது.

பாழாகும் இடம் வேறு வகையானது. அது நகராது, சிறியது, அதில் இருக்கும் மீன் வளர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆற்றின் பாறை மடு, கடலடிப் பார் என்னும் பாறைத்திட்டு, முட்டையிட மீன் கூடும் முனை ஆகியவை இந்த வகை. கரீபியன் கடலில் உள்ள லிட்டில் கேமன் என்ற சிறு தீவில் நடந்தது இதற்கு நல்ல சான்று. நசாவ் குரூப்பர் என்பது நம் களவா மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண்டு முழுவதும் தனித்தனியாக வாழும் இந்த மீன், குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் மட்டும் தீவின் ஒரே ஒரு முனையில் ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிடும். அந்த முனையில் சுமார் 7000 மீன்கள் கூடுவதை மீனவர்கள் 2001-இல் கண்டுபிடித்தார்கள். இரண்டே பருவங்களில் ஏறத்தாழ 4000 மீன்கள் பிடிபட்டன. எல்லாம் தூண்டிலில்தான், யாரும் இழுவலை போடவில்லை. 2003-இல் அரசு அங்கே தடை விதித்தது. எண்ணிக்கை மீண்டும் பழைய நிலையை நெருங்குவதற்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. காலி செய்ய இரண்டு பருவங்கள், நிரம்புவதற்குப் பதினைந்து ஆண்டுகள். இத்தனையும் நடந்தது கைபேசிக் கேமரா எல்லார் கைக்கும் வருவதற்கு முன்னால். ஒரு படம் ஒரே இரவில் எத்தனை பேரைச் சென்றடையும் என்பதை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

நம் ஊர்க் குளத்து விராலுக்கும் இதே கதைதான். விராலில் தாயும் தந்தையுமாகச் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் ஒரு கொத்தாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு அமிழும்; சற்றுக் கீழே பெரிய மீன் காவல் நிற்கும். அந்தக் கொத்தின் நடுவே தூண்டில் முள் கட்டிய ரப்பர் தவளையை எறிந்தால் காவல் மீன் பசியில்லாவிட்டாலும் பாய்ந்து கடிக்கும். காவல் போனதும் குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்குகளும் பார்த்துக்கொள்ளாது, தின்றுவிடும். குஞ்சுக் கொத்து தெரியும் ஒரு படத்தை இன்ன குளம் என்று ஊகிக்கும்படி போட்டால் அந்த வாரமே நான்கைந்து பைக்குகள் அந்தக் கரையில் நிற்கும். கோடையில் நீர் சுருங்கி மீனெல்லாம் ஒரு பள்ளத்தில் ஒதுங்கியிருக்கும் சமயத்தில் இன்னும் மோசம்.

விஞ்ஞானிகளும் இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். சீனாவின் குகைகளில் வாழும் ஒரு பல்லியை 1999-இல் புதிய இனமாக விவரித்தபோது, வழக்கம்போல் அது கிடைத்த இடத்தையும் எழுதினார்கள். செல்லப்பிராணிச் சந்தைக்குப் பிடிப்பவர்கள் அந்த இடத்துக்கே போய் வாரிக்கொண்டு வந்துவிட்டார்கள். 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டேவிட் லிண்டன்மேயர், பென் ஷீலி இருவரும் அரிய உயிரினங்களின் இருப்பிடத்தை வெளியிட வேண்டாம் என்று 'சயின்ஸ்' இதழிலேயே எழுதினார்கள். உயிரினங்களின் படங்களைப் பொதுமக்கள் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், அழிவு அபாயத்தில் உள்ள உயிரினம் ஒன்றின் படம் பதிவானால் அதன் புள்ளியைத் தானாகவே கலைத்து, 0.2 பாகைச் சதுரத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் காட்டும். நம் பகுதியில் அந்தச் சதுரத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். இந்த அளவைப் பிறகு பயன்படுத்திக்கொள்ளலாம்.

அதற்காகப் படமே போடக்கூடாது என்று சொல்வதும் தவறு. காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் கூன்முதுகு மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீன் இன்று ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் மிக மோசமான அபாய நிலையில் இருக்கிறது. 1946-இல் கபினியில் 120 பவுண்டு எடையில் தூண்டிலில் சிக்கியது இந்த மஹ்சீர்தான். இது அருகிவருவதைக் காட்டிக்கொடுத்ததே தூண்டில்காரர்களின் குறிப்பேடுதான். கர்நாடகத்தின் கலிபோரே தூண்டில் முகாமில் பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விட்ட மீன்களைப் பற்றி 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த கணக்கை ஆய்வாளர்கள் அலசியபோதுதான், பண்ணையில் பொரித்து ஆற்றில் விடப்பட்ட வேற்று மஹ்சீர் பெருகியதும் மண்ணின் மீன் மறைந்துகொண்டிருந்ததும் வெளியே தெரிந்தன. அதற்குப் பிறகு, 2018-இல்தான் அந்த மீனுக்கு உரிய அறிவியல் பெயர் டோர் ரெமதேவி என்பது உறுதியானது. மீனைப் பற்றிய தகவல் எவ்வளவு வெளியே வந்தாலும் நல்லது. மடுவைப் பற்றிய தகவல்தான் ஆபத்து.

இனி, படம் எப்படிப் பேசுகிறது என்று பார்க்கலாம்.

கைபேசி எடுக்கும் ஒவ்வொரு படக் கோப்பிலும் எக்ஸிஃப் என்ற குறிப்பு ஒளிந்திருக்கிறது. படம் எடுத்த நாள், நொடி, கேமராவின் பெயர் ஆகியவற்றோடு, இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கடல்மட்டத்திலிருந்து உயரமும் அதில் பதிவாகும். பல கைபேசிகளில் கேமரா எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்பதும் சேர்ந்துகொள்ளும். ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதினால் அது 1 மீட்டர் வரை இறங்கிவிடும். திறந்த வானத்தின் கீழ் கைபேசியின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை துல்லியமாக இருக்கும். எந்தப் பாறையின் மேல் நின்றீர்கள் என்று சொல்ல அது போதும். சிக்னல் இல்லாத காட்டிலும் நடுக்கடலிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும் என்பதையும் மறக்கக்கூடாது.

இந்தக் குறிப்பு ஒருவரை எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பதை உலகம் 2012 டிசம்பரில் பார்த்தது. வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தபோது, 'வைஸ்' இதழ் அவருடன் எடுத்த படத்தை வெளியிட்டது. அந்தக் கோப்பில் இருந்த ஜிபிஎஸ் எண்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைச் சொல்லிவிட்டன. சில நாட்களிலேயே அவர் பிடிபட்டார். கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவருக்கு இது நேர்ந்தது.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை படத்தை ஏற்றும்போது, பார்வையாளர்களுக்குப் போகும் படத்திலிருந்து இந்தக் குறிப்பை நீக்கிவிடுகின்றன. வாட்ஸ்அப்பிலும் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கி, குறிப்பு உதிர்ந்துதான் போகும். ஆனால் "தரம் குறையாமல் அனுப்பு" என்று நண்பர் கேட்டதற்காக அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் எல்லாக் குறிப்புகளும் அப்படியே போய்ச் சேரும். மின்னஞ்சலும் டிரைவ் இணைப்பும் அப்படித்தான். மீன் படங்கள் கைமாறுவது பெரும்பாலும் இந்த வழிகளில்தான் என்பதால், கேமராவுக்கு இருப்பிட அனுமதியையே நிறுத்திவிடுவது நல்லது. ஆண்ட்ராய்டில் கேமரா அமைப்புகளுக்குள் இருப்பிடத்தைச் சேமிக்கும் தெரிவு இருக்கும். ஐபோனில் தனியுரிமைப் பகுதியில் இருப்பிடச் சேவைகளைத் திறந்து, கேமராவுக்கு 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைக்கலாம். ஏற்கெனவே எடுத்துவிட்ட படமாக இருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பலாம். பழைய குறிப்பு அதில் தொற்றாது.

இத்தோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இது சின்ன வேலை. பெரியது படத்தின் பின்னணியில் இருக்கிறது.

தென் கோடிக் கடற்கரையின் கட்டுமரக்காரர்கள் ஜிபிஎஸ் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பாரின் நேர் மேலே போய் நின்று தூண்டில் இறக்கினார்கள். கரையில் உள்ள கோயில் கோபுரமோ மாதா கோயில் உச்சியோ ஒன்று, அதற்குப் பின்னால் எழும் மலைமுகடு ஒன்று. இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக நேர்படும் கோட்டில் கடலுக்குள் போக வேண்டும். பக்கவாட்டில் வேறு இரண்டு அடையாளங்கள், ஓர் ஒற்றைப் பனையும் ஒரு குன்றும் என்று வைத்துக்கொள்வோம், அவையும் நேர்படும் இடம் வரை போக வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியின் கீழே பார் இருக்கும். திருவனந்தபுரம் கரையில் இதற்குக் கணிச்சம் என்று பெயர். தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்து, அடுத்த படகுக்குச் சொல்லாமல் காத்துவந்த அறிவு இது.

உங்கள் மீன் படத்தின் பின்னணியில் கோபுரமும் மலைமுகடும் நேர்பட்டு நிற்கிறது என்றால், கணிச்சத்தின் ஒரு கோட்டை நீங்களே வரைந்து கொடுத்துவிட்டீர்கள். ஓரத்தில் ஒரு செல்போன் கோபுரமும் தெரிந்தால் இரண்டாவது கோடும் கிடைத்துவிட்டது. கூகுள் எர்த்தில் மலையின் வடிவத்தை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்த்து, வானத்தின் ஓரத்தில் தெரியும் மேடுபள்ளத்தோடு பொருத்திப் பார்ப்பவர்களுக்கு இது அரை மணி நேர வேலை. நிழல் விழும் திசையும் எக்ஸிஃபில் உள்ள நேரமும் சேர்ந்தால் ஆற்றின் எந்தக் கரையில் நின்றீர்கள் என்பதுகூடத் தெரியும். 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐயின் ஓ3 என்ற செயற்கை நுண்ணறிவு வந்தபோது பலர் அதனிடம் கொடுத்துச் சோதித்தது இதைத்தான்: எந்தக் குறிப்பும் இல்லாத ஒரு படத்தைக் காட்டி, இது எந்த ஊர் என்று கேட்டார்கள். பல நேரங்களில் அது வியக்கும் அளவுக்குச் சரியாகச் சொன்னது. பொறுமையும் பழக்கமும் வேண்டியிருந்த ஒரு திறமை இப்போது யார் கையிலும் இருக்கிறது.

மலையும் கோபுரமும் மட்டும் பேசுவதில்லை. மின்கம்பத்தில் எழுதிய எண், மதகில் பொதுப்பணித் துறை பொறித்த ஆண்டு, பாலத்தின் கைப்பிடிச் சுவரின் வடிவம், கரையில் நிற்கும் பைக்கின் பதிவெண் எல்லாமே துப்புத்தான். விசைப்படகின் பக்கத்தில் ஐஎன்டி, டிஎன் என்று தொடங்கும் பதிவெண் தெரிந்தால் அது எந்த மாவட்டத்துப் படகு என்பது தெரிந்துவிடும். சில சமயம் மீனே காட்டிக்கொடுக்கும். கூன்முதுகு மஹ்சீரின் படத்தைப் போட்டுவிட்டு ஆற்றின் பெயரை மறைப்பதில் பயனில்லை. அது காவிரிப் படுகைக்கு வெளியே கிடையாது. படுகைக்குள்ளும் அது இன்று மிஞ்சியிருப்பது மோயாறு போன்ற சில ஓடைகளில்தான். மோயாறு முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி ஓடுகிறது. காப்பகத்துக்குள் அனுமதியின்றித் தூண்டில் போடுவதே குற்றம். அங்கே போய்ப் பிடித்துவிட்டு இடத்தை மறைப்பதை நான் சொல்லும் கட்டுப்பாட்டில் சேர்க்க முடியாது.

வீடியோ இன்னும் ஆபத்து. கேமரா ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு திசையும் பதிவாகும். தூரத்து ஒலிபெருக்கி எந்த ஊர்த் திருவிழா என்று சொல்லும். ரயில் சத்தம் பாதை அருகில் என்று சொல்லும். தார்ச்சாலையிலிருந்து மண்பாதையில் திரும்பும் காட்சியை அழகுக்காகச் சேர்ப்பவர்கள் வழியையே காட்டிவிடுகிறார்கள். படத்தை வெட்டிவிட்டால் போதும் என்பதும் எப்போதும் செல்லாது. கூகுள் பிக்சல் கைபேசிகளின் திருத்தும் கருவியில் வெட்டி எறிந்த பகுதியைக் கோப்பிலிருந்து மீட்டுவிட முடியும் என்ற குறை 2023 மார்ச்சில் வெளியே வந்தது. அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும், வெட்ட வேண்டிய தேவையே வராமல் எடுப்பதுதான் பாதுகாப்பு.

அப்படி எடுப்பது கடினமும் இல்லை. பெரும்பாலானோர் எழுந்து நின்று, மீனை மார்புயரத்துக்குத் தூக்கி, முழுக் காட்சியும் வரும்படி எடுக்கச் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக நீரோரம் முழங்காலிட்டு உட்கார வேண்டும். கையை நனைத்துக்கொண்டு மீனைக் கிடைமட்டமாக, வயிற்றைத் தாங்கி, தண்ணீரை ஒட்டிப் பிடிக்க வேண்டும். படம் எடுப்பவர் சற்று உயரத்தில் நின்று கீழ்நோக்கி எடுத்தால் பின்னணியில் தண்ணீர் மட்டுமே இருக்கும்; வானமும் மலையும் கரையும் சட்டத்துக்குள் வராது. செதிலின் நிறமும் துடுப்பின் விரிவும் நின்று எடுத்த படத்தைவிடத் தெளிவாக வரும். திருப்பி விடப்போகும் மீனாக இருந்தால் கை தவறினாலும் அது தரையில் மோதாமல் தண்ணீரில்தான் விழும். மேல்தோலின் வழுவழுப்பும் உலர்ந்த கையில் ஒட்டிக்கொண்டு போகாது. இடத்துக்குப் பாதுகாப்பான படம்தான் மீனுக்கும் பாதுகாப்பானது.

படத்தை அன்றே போட வேண்டும் என்ற அவசரத்தையும் விடலாம். மீன் இப்போது எங்கே கடிக்கிறது என்பதுதான் தேடுபவருக்கு வேண்டிய செய்தி. நீர்மட்டம் மாறி, பருவம் தாண்டிய பிறகு போட்டால் படத்தின் அழகு குறையாது. செய்தியின் விலை மட்டும் குறைந்துவிடும்.

"எந்த இடம் அண்ணா?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை. ஐநேச்சுரலிஸ்டின் அந்த 22 கிலோமீட்டர் சதுரத்தை அளவாக வைத்துக்கொள்ளலாம். மாவட்டத்தின் பெயர், பெரிய ஆறு என்றால் ஆற்றின் பெயர், அதற்கு மேல் வேண்டாம். அந்தச் சதுரத்துக்குள் ஒரே ஓர் ஓடைதான் இருக்கிறது என்றால் மாவட்டப் பெயரைக்கூடச் சொல்லாமல் விடுவதே சரி. பொய்யாக வேறொரு குளத்தின் பெயரைச் சொல்கிறவர்களை நான் ஏற்க மாட்டேன். அந்தக் கூட்டம் அங்கே போய் இறங்கும். அங்கேயும் ஏலத்துக்கு எடுத்தவரும் மீனை நம்பிப் பிழைப்பவரும் இருக்கிறார்கள். கேட்பவர் புதியவராக இருந்தால், என்ன ஆழத்தில், எந்த நேரத்தில், என்ன இரை, எப்படிப்பட்ட கரையில் என்று மனம் திறந்து சொல்லிக்கொடுக்கலாம். அதைக் கொண்டு அவர் தன் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு மடுவைக் கண்டுபிடிப்பார்.

கடலுக்குப் போகும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாடகைக்கு எடுத்த படகில் மீனவர் ஒருவர் உங்களைப் பாருக்கு அழைத்துப் போகிறார் என்றால் அந்தப் பார் உங்களுடைய ரகசியம் அல்ல. அவருடைய பிழைப்பு அது. நீங்கள் கொடுத்த பணம் ஒரு நாள் பயணத்துக்கு மட்டுமே. சட்டைப் பையில் இருக்கும் கைபேசியின் நடைச் செயலி வழித்தடத்தைப் பதிவு செய்துகொண்டிருக்கலாம். கையில் கட்டிய கடிகாரமும் அதைச் செய்யலாம். ஓட்டப் பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி தன் பயனர்கள் ஓடிய தடங்களை 2017 நவம்பரில் உலக வரைபடமாக வெளியிட்டது; ராணுவ முகாம்களின் பாதைகளே அதில் ஒளிர்வது 2018 ஜனவரியில் தெரியவந்தது. ஆழம் காட்டும் சில கருவிகளும் பயனர்களின் ஒலியலைப் பதிவுகளைப் பொது வரைபடத்தில் சேர்த்துக்கொள்கின்றன. நேவியானிக்ஸ் வரைபடத்தில் இந்த வசதி உண்டு. படகில் ஏறும் முன்பே இவற்றை அணைத்துவிட்டு, படத்தைப் போடலாமா என்று படகுக்காரரிடம் கேட்டுவிட வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஒரே ஒரு நேரத்தில் இந்தக் கட்டுப்பாடு முழுவதையும் தலைகீழாக மாற்ற வேண்டும். ஆற்றிலோ ஏரியிலோ மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பதைப் பார்த்தால் இருப்பிடத்தை உடனே இயக்குங்கள். கரை, பாலம், மதகு, கழிவுநீர்க் குழாய் எல்லாம் தெளிவாகத் தெரியும்படி அகலமாக எடுங்கள்; எந்தத் திசையிலிருந்து நீர் வருகிறது என்பது தெரிய ஒரு வீடியோவும் எடுங்கள். நிறமும் நாற்றமும் எப்படி இருந்தன, எந்தெந்த மீன்கள், இன்னும் வாய் திறந்து மேலே வந்து மூச்சுக்குத் தவிப்பவை இருக்கின்றனவா என்று எழுதிக்கொள்ளுங்கள். அசல் கோப்பைச் சுருங்காதபடி டாக்குமெண்டாகவே மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அன்றைக்கே அனுப்புங்கள். நீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தாமதித்தால் மாதிரி எடுக்க வருபவருக்குக் கையில் எதுவும் கிடைக்காது.